அம்மாவைப் பற்றிய கவிதை

சைரகுல் வீட்டுக் கதவை உள்பக்கம் தாழிட்டாள். தாழ் போதாது என்று தோன்றியதோ என்னவோ, பூட்டையும் பூட்டிச் சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

மகள் பெகாயிம் பார்த்துக்கொண்டு நின்றாள். பெற்றவளே காவலுக்கு நின்றால் வேறு யாரிடம் போய்க் கெஞ்சுவது? நேற்றுச் சாயங்காலம் அவளுடைய ஃபோனைப் பிடுங்கிக்கொண்டதும் இதே அம்மாதான். "பூட்டு நம்பர் என்னடி?" என்று அதட்டிக் கேட்டுக்கொண்டு ஆட்டுக் கொட்டகைக்குப் போனவள், அரை மணி நேரம் கழித்துத்தான் வந்தாள். ஃபோன் திரும்பி வரவேயில்லை.

எல்லாம் ஒரு கவிதையால் வந்த வினை. தலைநகர் பிஷ்கேக்கில் ஒரு டீக்கடை மாடியில், இருபது பேருக்கு முன்னால் பெகாயிம் படித்தது. எவனோ அதைப் படம் பிடித்து அனுப்பப் போக, அது மலை தாண்டிச் சொந்த ஊர் அத்-பாஷி வரைக்கும் வந்து ஊரில் ஒரு ஃபோன் பாக்கியில்லாமல் பரவிவிட்டது. விஷயம் தெரியாமல் அப்பாவின் நினைவுநாள் ஃபாத்திஹாவுக்கு வந்த இடத்தில் வசமாக மாட்டிக்கொண்டாள்.

நேற்றுப் பெரியப்பா ஒஸ்மோன் சத்தம் போடவில்லை. "நாளைக்குச் சாயங்காலம் அஸர் தொழுகை முடிஞ்சதும் பக்கத்து ஊர்லேர்ந்து வந்து உன்னைத் தூக்கிட்டுப் போவாங்க. மாப்பிள்ளைக்கு நூறு ஆடு இருக்கு. தலையில கல்யாண வெள்ளைத் துணி விழுந்துட்டா இந்தக் கிறுக்கெல்லாம் தெளிஞ்சிடும்" என்றார். எங்கள் பக்கத்தில் சில வீடுகளில் பெண் எடுக்கிற லட்சணம் இன்னும் இதுதான்.

இன்றைய அஸர் தொழுகைக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது.

"உக்காரு." அம்மா தேநீரை ஊற்றி, பொரித்த ரொட்டித் துண்டுகளை அவள் பக்கம் தள்ளினாள். "சாப்பிடு. அடுத்த வேளை எப்பக் கிடைக்குமோ."

"எனக்கு வேணாம்."

"சரி, அந்தக் கவிதையச் சொல்லு. ஊரே கேட்டாச்சு. நான்தான் முழுசாக் கேக்கல."

பெகாயிமுக்கு ஆத்திரம் பொங்கியது. இனிமேல் மறைக்க என்ன இருக்கிறது என்று ஆரம்பித்தாள்.

"பத்தொன்பது வயதில் என் அம்மாவைத் தூக்கி வந்தார்கள்.
அவள் ஓடிவிடாதபடி வாசலின் குறுக்கே ஒரு கிழவி படுத்தாள்.
மூத்தவளைத் தாண்டிப் போனால் வாழ்வு விளங்காது என்றார்கள்.
தூக்கிய காலை அம்மா கீழே வைத்தாள்.
அந்தக் கால்வலியோடுதான் நான் பிறந்தேன்.
நான் ஒரு பெண்ணை நேசிக்கிறேன்.
நெற்றி தரையில் படும்போது அதை அல்லாஹ்விடம் ஒளித்ததில்லை.
அவன் இன்னும் என்னைப் போ என்று சொல்லவில்லை."

அம்மா அசையாமல் கேட்டாள். அவள் முகத்திலிருந்து ஒன்றையும் கண்டுபிடிக்க முடியவில்லை.

"தப்பா எழுதியிருக்க."

"எது தப்பு?"

"கிழவின்னு எழுதியிருக்க. என் மாமியாருக்கு அன்னிக்கு நாப்பத்தாறு வயசு. இப்ப எனக்கு என்ன வயசோ அதேதான்."

பெகாயிம் தேநீர்க் கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள்.

"அந்தப் பொண்ணு பேரு மீரிம்தானே?"

"என் ஃபோன்ல பாத்தியா?"

"எல்லாத்தையும் பாத்தேன். அவ தொழுவாளா?"

"என்னைவிட ஒழுங்கா."

"உன்னை மாதிரி சாப்பிடாமக் கிடப்பாளா, இல்ல உன்னையும் சாப்பிட வைப்பாளா?"

"அம்மா, இப்ப எதுக்கு இந்த விசாரணை? உன் காலப் பிடிச்சுக் கேக்கறேன், கதவத் திற. நான் போயிடறேன்."

"இந்த வாசல் வழியா நீ போக முடியாது" என்றாள் சைரகுல்.

தெருவில் கார்கள் வந்து நின்றன. ஒன்றல்ல, மூன்று. ஆண்களின் சிரிப்புச் சத்தமும், கதவுகளை அறைந்து சாத்துகிற சத்தமும் கேட்டன. முற்றத்தில் பெரியப்பாவின் குரல் கேட்டது. "சைரகுல், கதவத் திற. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்தாச்சு. பொண்ணு தயாரா?"

"தயாரா இருக்கா" என்றாள் அம்மா.

அவள் எழுந்தாள். கதவோரம் கம்பளி விரிப்பை இழுத்துப் போட்டு, பூட்டைத் திறந்து, கதவை அகலத் தள்ளினாள். பிறகு மெல்ல இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து, ஒரு நிலைக்குத் தலையும் மறு நிலைக்குக் காலுமாக வாசலின் குறுக்கே நீட்டிப் படுத்துவிட்டாள்.

பெகாயிம் ஓரடி பின்வாங்கினாள். இத்தனை கேட்டும் இந்த அம்மாவின் மனசு இரங்கவில்லையே! ஒரு பெண்ணை அடைத்துப் போட்டது போதாதென்று, அடுத்தவளையும் அடைக்க அதே வழியா?

"நீயுமா, அம்மா?" என்றாள் பெகாயிம்.

வெளியே நின்றவர்கள் தங்களுக்குள் பார்த்துக்கொண்டார்கள். பெரியப்பா நெளிந்தார். தம்பி மனைவியைத் தொட்டு எழுப்பவும் முடியாது. "ஏம்மா, இதெல்லாம் பொண்ணு அங்க போன பிறகு அவங்க வீட்டுல செய்ய வேண்டியது. இங்க எதுக்குப் படுக்கற? எந்திரி, நாங்க உள்ள வரணும்."

மாப்பிள்ளை ஒரு காலை முன்னால் வைத்தான். மாமியாராகப் போகிறவளை ஒருமுறை குனிந்து பார்த்துவிட்டு, காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான்.

சைரகுல் தலையை மட்டும் உள்பக்கமாகத் திருப்பினாள். வெளியே கேட்காத குரலில் மகளிடம் சொன்னாள்.

"ஒருத்தனும் என்னைத் தாண்ட மாட்டான், மீரிம் பின்னாடி தோட்டத்துல வண்டியோட நிக்கறா, அடுக்களை ஜன்னல் வழியா ஓடு."