இன்னும் ரெண்டு வரி

கோட்டூர்புரம் பாலத்தில் பஸ் ஊர்கிறது. ஹம்சாவின் மடியில், அந்தக் காலத்தில் ஒரு பெண் எழுதிய தொடர்கதை. வாரப் பத்திரிகையிலிருந்து கிழித்து பைண்ட் செய்தது. மாலை வெயில் அதன் மேல் குதிக்கிறது. பின்னால் கம்பியைப் பிடித்து நிற்கும் தேவானையும் தி. நகரிலிருந்து ஹம்சாவின் தோளுக்கு மேலாக அதையேதான் படிக்கிறாள். "திருப்பாதம்மா, இன்னும் ரெண்டு வரி கீது." ஹம்சாவின் விரல் பக்க நுனியிலேயே நிற்கிறது. கதாநாயகி பெட்டியோடு புருஷன் வீட்டு வாசலில் நிற்கிறாள். "உள்ள பூடுவாளா?" "நாலு தடவை படிச்சாச்சு. ஒவ்வொரு தடவையும் போயிடக் கூடாதேன்னு மனசு அடிச்சுக்கறது." "கோட்டூர்புரம் எறங்கு!" கண்டக்டர் கத்துகிறார். வீட்டில் எல்லோரும் ஹம்சாவின் காப்பிக்காகக் காத்திருப்பார்கள். பையை மாட்டிக்கொண்டு எழுகிறாள். "முடிவ சொல்லிட்டுப் போம்மா!" விசில். ஹம்சா மறுபடி உட்கார்ந்து பக்கத்தைத் திருப்புகிறாள்.