மூன்றாவது புகார்

"இந்த மாசத்துல இது மூணாவது தடவை! கேட்டைத் திறந்தா தெருவே எழுந்துக்குது லா!" என்று அழகிரி போனில் கத்தினார்.

ஒரு மணி நேரத்தில் மோட்டாரில் தானாகத் திறக்கும் ஆட்டோ கேட் கம்பெனியின் வேன், மேரு டவுனில் இருந்த அவர் வீட்டு வாசலில் வந்து நின்றது. நீல யூனிபார்மில் தாமரை இறங்கினாள்.

அழகிரி உடனே பக்கத்து வீட்டுக்குக் குரல் கொடுத்தார்.

"ரமணி அக்கா, வெளிய வாங்க! இன்னைக்காவது சரியாகுதான்னு நீங்களே பாருங்க!"

"கூட்டம் எதுக்கு?" என்றாள் தாமரை.

"சாட்சி வேணாமா?"

ரமணி கையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றார். தாமரை மோட்டாருக்குக் கீழே தளர்ந்திருந்த நட்டை இறுக்கினாள். சக்கரங்களுக்குக் கிரீஸ் தடவினாள். கைப்பேசியில் கேட்டின் வேகத்தைக் குறைத்து, பொத்தானைத் தொட்டாள். கேட் சத்தமே இல்லாமல் நகர்ந்து மூடிக்கொண்டது.

"அட, பூனை மாதிரி போவுதே! எங்க வீட்டு கேட்டையும் கொஞ்சம் வந்து பாரும்மா" என்று சொல்லிவிட்டு ரமணி உள்ளே போனார்.

தாமரை குரலைத் தாழ்த்தினாள்.

"அப்பா, அந்த நட்டு தானா கழலாது. ஸ்பானர் எங்க?"

அழகிரி கைலி மடிப்பிலிருந்து ஸ்பானரை எடுத்து நீட்டினார்.

"என் மக வேலை செய்யுறத இந்தத் தெருவே பாக்கணும்மா. முதல் தடவை ரமணி அக்கா ஊர்ல இல்ல. ரெண்டாவது தடவை மழை, யாருமே வெளிய வரல."

சற்று யோசித்துவிட்டுச் சொன்னார்:

"இன்னும் எதிர் வீட்டு யுகேந்திரன்தான் பாக்கி."