ஆந்தையாரும் தொலைநோக்கியும்

புது நட்சத்திரம் கண்டுபிடித்த ஆந்தையாருக்குக் காட்டில் பாராட்டு விழா. அவருக்குத் தொலைநோக்கி செய்து, தினமும் அதை வானத்தை நோக்கித் திருப்பிப் பிடித்த மரங்கொத்தி, கொண்டையைச் சீவிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தது.

ஆந்தையார் அம்மாவுக்கு நன்றி சொன்னார். நிலாவுக்குச் சொன்னார். மேளம் அடித்த கரடிக்கும் சொன்னார். மரங்கொத்தியின் பெயர் மட்டும் வரவே இல்லை.

அது விறுவிறுவென்று மேடையேறி, அங்கே வைத்திருந்த தொலைநோக்கியைத் தூக்கியது. "ஐயா, இது நான் செஞ்சது, கொண்டுபோறேன். நட்சத்திரத்தை நீங்களே வச்சுக்குங்க."

ஆந்தையார் அண்ணாந்து பார்த்தார். வெறுங்கண்ணுக்கு நட்சத்திரத்தைக் காணவே காணோம்.

"இரு தம்பி!" என்று மைக்கைப் பிடித்தார். "நானும் மரங்கொத்தியும் சேர்ந்து கண்டுபிடித்த நட்சத்திரம்..."

மரங்கொத்திக்குத் தலைகால் புரியவில்லை. கைதட்டக் கை ஏது? பந்தல்காலை டொக் டொக்கென்று கொத்தித் தீர்த்தது. பந்தல் அப்படியே சரிந்து ஆந்தையாரை மூடியது.

உள்ளேயிருந்து குரல் வந்தது: "தம்பி, இதையும் நீதான் சரிபண்ணணும்."