பவுனம்மாள் கத்தவில்லை

கிராப் வாடகைக் கார் ஆஸ்பத்திரியின் எமெர்ஜென்சி வாசலை நெருங்கும்போது ரஞ்சனி அம்மாவின் காதருகே குனிந்தாள்.

"ம்மா, உள்ள போயி கத்தாதம்மா. எவ்வளவு வலிச்சாலும் சரி. கேட்டா மெதுவா பதில் சொல்லு."

பவுனம்மாள் தலையாட்டினாள். ஒரு கை வயிற்றை அழுத்தியிருந்தது. முகத்துப் பவுடர் வியர்வையில் கரைந்து கோடு கோடாக வழிந்தது. அந்த நிலையிலும் பவுடர் பூசிவிட்டது ரஞ்சனிதான். வீட்டில் இருப்பதிலேயே நல்ல பஞ்சாபி சூட்டை எடுத்து மாட்டிவிட்டதும் அவள்தான்.

பவுனம்மாள் சத்தமான பெண். கிள்ளான் பாசாரில் அவள் மீன் பேரம் பேசினால் அடுத்த வரிசைக் கடைக்காரர்கள் எட்டிப் பார்ப்பார்கள். காலையில் சமையலறைத் தரையில் சுருண்டு விழுந்தபோதுகூட, அவள் அலறியதைக் கேட்டுத்தான் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடி வந்தார்கள்.

இங்கே அவள் வாயைத் திறக்கவில்லை.

கௌண்டரில் இருந்த இளைஞன், வலி எவ்வளவு என்று ஒன்றிலிருந்து பத்துக்குள் ஓர் எண் சொல்லச் சொன்னான். மலாயில் கேட்டான். பவுனம்மாள் மகளைப் பார்த்தாள். பிறகு, "தீகா" என்றாள்.

மூன்று.

அதற்கும் மேலேதான் இருக்கும் என்று ரஞ்சனி பணிவாகச் சொன்னாள். சிரித்துக்கொண்டே சொன்னாள். அவனும் சிரித்தான். பச்சை ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டி நாற்காலிகளைக் காட்டினான். பச்சை என்றால் காத்திருக்கலாம், அவசரமில்லை.

எதிர் வரிசையில், மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து வந்திருந்த ஒரு தமிழர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஐயோ ஐயோ என்று கத்திக்கொண்டிருந்தார். கௌண்டருக்குப் பின்னால் ஒரு பெண் தலையை இருபுறமும் ஆட்டி, சத்தம் வராமல் உதட்டை மட்டும் அசைத்து, அவரைப் போலவே செய்துகாட்டினாள். பக்கத்தில் இருந்தவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவரிடம் யாரும் வரவில்லை.

பவுனம்மாள் அதைப் பார்த்தாள். துப்பட்டாவின் முனையைச் சுருட்டி வாய்க்குள் திணித்துக்கொண்டாள்.

ரஞ்சனி இரண்டு முறை எழுந்துபோய்க் கேட்டாள். ஆபீசில் பேசும் நல்ல ஆங்கிலத்தில், குரலை உயர்த்தாமல். கூப்பிடுவோம் என்றார்கள். அம்மா அமைதியாகத்தானே இருக்கிறார் என்றார்கள்.

திரும்பி வந்து தொட்டபோது அம்மாவின் கை சில்லிட்டிருந்தது.

"முடியலடி," என்றாள் பவுனம்மாள், மகளுக்கு மட்டும் கேட்கும்படி. "ஒரே ஒரு தடவ கத்திக்கட்டுமா?"

"இன்னும் கொஞ்ச நேரம்மா. கூப்பிட்டுருவாங்க."

அதற்குப் பிறகு அவள் எதுவும் கேட்கவில்லை.

நாற்காலியிலிருந்து அவள் சரிந்தபோதும் சத்தம் வரவில்லை. ரஞ்சனி போட்ட கூச்சலுக்குத்தான் ஆட்கள் ஓடி வந்தார்கள். ஸ்ட்ரெச்சர் வந்தது. கதவு திறந்து மூடியது.

வெகுநேரம் கழித்து ஓர் இளம் டாக்டர் வெளியே வந்தார். சட்டையில் சுகுமாறன் என்று பெயர் இருந்தது. வயிற்றுக்குள் பெரிய ரத்தக் குழாய் வெடித்துவிட்டது என்றார். காலையிலிருந்தே கசிந்துகொண்டு இருந்திருக்கும், எங்களால் காப்பாற்ற முடியவில்லை என்றார். அதோடு போய்விடாமல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். நல்ல மனிதர்தான். கண் கலங்கியிருந்தது.

"இந்த வலிய யாராலயும் தாங்க முடியாதுக்கா. ஆன்டி ஏன் சத்தமே போடல? ஒரு தடவ கத்தியிருந்தா நாங்க ஓடி வந்திருப்போம் லா."

ரஞ்சனி அவரை நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்கு அழுகை வரவில்லை.

"போன வருஷம் அப்பாவையும் இங்கதான் கொண்டாந்தோம், டாக்டர்," என்றாள். "அவரு கத்தினாரு. கடைசி வரைக்கும் கத்தினாரு."