தொரையின் முகம்

ஞாயிறு மாலை. அக்கரப்பத்தனைத் தேயிலைத் தோட்டத்தில், லயத்துக் காம்பரா ஒன்றில் அகில உலக மலையகச் சித்திரப்பட நிறுவனம் கூடியிருக்கிறது. ஆட்கள் மூன்று, நாற்காலி ஒன்று. அதில் டைரக்டர் அலோசியஸ், அட்டன் டவுன் ஸ்டூடியோவில் கேமரா துடைக்கிறவர். "மூணு நிமிசப் படம், ரெண்டாயிரம் சித்திரம் வரஞ்சு ஓட்டணும். தோட்டத்துத் தொரை நடந்து வாறாரு, சாணிக்குழியில வுழுறாரு. ஒலகமே பாக்கும்!" "ஒலகம் கெடக்கட்டுங்க, நம்ம தோட்டத்து ஆளுக பாத்தாப் போதும்," என்கிறான் சாக்கில் குந்தியிருக்கும் வீரய்யா. பிந்தி வந்தானென்று போன மாதம் காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டில், அத்தனை பேர் முன்னிலையில், தொரை முழங்காலில் நிறுத்தியது அவனைத்தான். தகரத்தில் மழை தட்டுகிறது. வாசலில் விழும் சாம்பல் வெளிச்சத்தில் அவன் பென்சில் ஓடுகிறது: பளபளக்கும் சப்பாத்து, முழங்கால்வரை இழுத்துவிட்ட மேசு, கைத்தடியின் பூண். "அச்சு அசல் அண்ணே!" என்று கொழுந்துக் கறை விரல்களால் கைதட்டுகிறாள் ஜோசப்பின். இடுப்புக்கு மேலே பென்சில் நின்றுவிடுகிறது. "மொகம் எப்புடி இருக்கும் தங்கச்சி?" அவள் தாளை எட்டிப் பார்க்கிறாள். "பதினோரு வருசமா இருக்காரு, எனக்குந் தெரியலியே. அவரு வந்தா நாமதான் குனிஞ்சிருவோமே." டைரக்டர் தொண்டையைச் செருமுகிறார்: "மீசை இருக்குமோ?" வீரய்யா மெதுவாகப் பென்சிலைச் சீவுகிறான். "நாளைக்குப் பெரட்டுல நிமிந்து பாக்குறேன். கண்ணு, மூக்கு, ஒண்ணு வுடாம." "அய்யோ அண்ணே, திரும்ப முட்டி போடச் சொன்னா?" அவன் முனையை ஊதிப் பார்க்கிறான். "சொல்லட்டுமே. கீழ இருந்து பாத்தா மூக்கு ஓட்ட நல்லாத் தெரியும்."