சிந்தடிக்கே ஊத்துங்க பாய்

“சிந்தடிக்கே ஊத்துங்க பாய்,” என்றாள் மேகலா.

உத்திரமேரூருக்கும் வாலாஜாபாத்துக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டுபவள். இப்போது நிறைமாதம். நாளை முதல் வண்டியைத் தொடமாட்டாள்.

மெக்கானிக் அப்ரோஸுக்குப் புரியவில்லை. “வூட்ல நிக்கப்போற வண்டிக்கு இன்னாத்துக்கும்மா ரொம்ப நாள் தாங்குற ஆயிலு? சாதா ஆயிலே போதும்.”

“நிக்காது பாய். வண்டி வரலன்னா ஸ்டாண்டுல என் எடத்த வேற ஒருத்தனுக்குக் குடுத்துடுவானுங்க. அப்பறம் கெஞ்சினாலும் கெடைக்காது.”

“உன் வூட்டுக்காரனுக்கு சைக்கிளே தடுமாறும். யாரு ஓட்டுவா?”

“ஆளு கீது. ஆனா சவாரிய வுட்டுட்டு அடிக்கடி ஆயில் மாத்த வராது. அதான் சிந்தடிக்.”

எவனோ வந்து நல்ல வண்டியைக் கெடுக்கப்போகிறான் என்று முனகிக்கொண்டே அப்ரோஸ் ஆயிலை ஊற்றி மூடினான்.

எதிர்க்கடையில் டீ குடித்துவிட்டு மேகலாவின் மாமியார் வந்தாள். புடவைக்கு மேல் காக்கிச் சட்டை. மருமகளைப் பின்சீட்டுக்கு அனுப்பிவிட்டு ஹேண்டில்பாரைப் பிடித்தாள்.

“இன்னா பாய் மொறைக்கிற? லைசென்ஸ் வாங்கியாச்சி. ஏரிக்கரைல இவதான் கத்துக் குடுத்தா.”

“பேரப்புள்ளய யாரும்மா பாத்துப்பா?”

“பெத்தவ பாத்துப்பா. அவ அசந்தா தூக்கி வெச்சிக்க தெருவே கீது. ஸ்டாண்டு எடம் போனா எவன் குடுப்பான்? நவுரு.”