ஒன்பதாவது தொப்பி

தொப்பியைக் கழற்றி நடுவரிடம் கொடுத்தான்.

இரண்டு நாள் ஆட்டத்தின் கடைசி ஓவர், வீசப்போவது அவன்.

எதிரணிக்கு மூன்று ரன் வேண்டும். அவர்கள் கையில் ஒரே ஒரு விக்கெட்.

தோற்றால் அவனுடைய அணி இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கிவிடும். இறங்கினால் அவனுக்கு அங்கே இடமில்லை. “முப்பத்தொன்பது வயசுக்கு இதுவே ஜாஸ்திப்பா. டீம் தங்குச்சுன்னா நீயும் தங்கு” என்று செயலாளர் காலையில் முகத்துக்கு நேராகவே சொல்லியிருந்தார்.

எதிரணியின் கூடாரத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

“டவுன் பஸ் அண்ணே! கடைசி ஸ்டாப் வந்துடுச்சு, இறங்கிக்குங்க!”

சிரிப்பு. அவனும் சிரித்தான். அந்த அணிக்கும் இரண்டு வருடம் பந்து வீசியவன்தான். அந்தப் பெயரை வைத்ததே அவர்கள்தான். எல்லா ஸ்டாப்பிலும் நின்று போகிறவன்.

இருபது வருடம். ஒன்பது அணிகள்.

வங்கியின் நீலம். சர்க்கரை ஆலையின் பச்சை. உரக் கம்பெனியின் சாயம்போன சிவப்பு. ஓர் அணியில் தொப்பியே தரவில்லை. கடையில் தானே வாங்கிப் போட்டுக்கொண்டான். மாநில அணிக்கு ஒருமுறை கூப்பிட்டார்கள், வலைப்பயிற்சியில் பந்து வீச. பதினைந்து நாள் வீசிவிட்டு வந்தான். அங்கேயும் குறை வைக்கவில்லை.

எந்த அணியிலிருந்தும் சண்டை போட்டுக்கொண்டு வெளியே வந்ததில்லை.

ஒன்பது தொப்பிகளும் ஏதோ ஒரு நாள் எபநேசரின் கைக்குப் போயிருக்கின்றன. இன்று தொப்பியை வாங்கிய அவரும் இருபது வருடமாக இதே லீக்கில் நடுவர்.

மற்றவர்களின் தொப்பியை எபநேசர் இடுப்பில் செருகிக்கொள்வார். அவனுடையதை மட்டும் கையில் பிடித்திருப்பார்.

உள்விளிம்பில் அவன் மனைவி பேனாவால் எழுதியிருப்பாள்: வேலும் மயிலும் துணை. தொப்பி மாறும்போதெல்லாம் புதிதாக எழுதுவாள்.

நீலத் தொப்பியிலேயே அதைப் பார்த்துவிட்டார் எபநேசர். சாமி பெயர் எழுதியதை இடுப்பில் செருக அவருக்கு மனம் வரவில்லை. அவருடைய சாமி வேறு என்பதை அவர் ஒரு பொருட்டாக நினைக்கவில்லை.

மூன்று பந்துகள் போயின. ரன் இல்லை.

நான்காவது பந்துக்கு ஓடிவந்தான்.

கடற்காற்று திடீரென்று புரண்டது. எபநேசரின் விரல்களிலிருந்து தொப்பி பறந்தது. அவர் கண் ஒரு நொடி அதன் பின்னே போனது.

அதே நொடியில் ஸ்டம்ப் பறந்தது.

எதிரணியின் கடைசி ஆட்டக்காரன் தங்கதுரை, மட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு திரும்பி நடந்தான்.

பந்து வீசியவனை அவன் அணியின் பத்துப் பேரும் ஓடிவந்து தூக்கிவிட்டார்கள். அந்த உயரத்திலிருந்து செயலாளர் தெரிந்தார். இரண்டு கட்டைவிரல்களையும் அவனை நோக்கி உயர்த்திக்கொண்டிருந்தார்.

காலுக்கு மட்டும் தெரிந்திருந்தது.

நேற்றும் இன்றும் அவன் குதித்துக் குதித்துக் கோட்டருகே ஒரு பள்ளம் விழுந்திருந்தது. ஒவ்வொரு பந்துக்கும் கால் அந்தப் பள்ளத்தில்தான் போய் உட்காரும். இந்தப் பந்துக்கு உட்காரவில்லை. பள்ளத்தைத் தாண்டி, கோட்டையும் தாண்டி, கெட்டித் தரையில் விழுந்தது.

“இறக்குங்கடா” என்றான்.

எபநேசரிடம் போனான்.

“சார், கால் வெளியே.”

“நான் பாக்கலையேப்பா.”

“நான் மிதிச்சேனே, சார்.”

எபநேசர் அவனையே பார்த்தார். பிறகு வலக்கையை மெல்லப் பக்கவாட்டில் நீட்டினார்.

நோபால்.

கேப்டன் சாரங்கன் தலையில் கை வைத்துக்கொண்டான். அவனைவிடப் பன்னிரண்டு வயது இளையவன்.

“என்னண்ணே இது! அவரே குடுத்துட்டாரு, உங்களுக்கு என்னண்ணே?”

பதில் இருந்தது. வாய்வரைக்கும் வந்தது. சொன்னால் பெருமை பேசுவதுபோல் ஆகிவிடும் என்று விழுங்கிவிட்டான்.

விக்கெட் செல்லாது. நோபாலுக்கு ஒரு ரன். இனி அவர்களுக்கு இரண்டு போதும். மூன்று பந்துகள் பாக்கி.

தங்கதுரை பாதி வழியிலிருந்து திரும்பினான். நேராக வரவில்லை. புல்லில் கிடந்த தொப்பியைச் சுற்றிப்போய் எடுத்தான். உள்ளே பார்த்தான். ஒட்டியிருந்த மண்ணைத் தன் சட்டையில் துடைத்தான். கொண்டுவந்து எபநேசரிடம் நீட்டினான்.

எபநேசர் இந்த முறை இரண்டு கைகளாலும் வாங்கினார். நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

அவன் பந்து வீச ஓடத் தொடங்கும் இடத்துக்குத் திரும்பி நடந்தான். பதினேழு எட்டு. எண்ண வேண்டியதில்லை, ஆனாலும் எண்ணினான். முதுகு நிமிர்ந்திருந்தது.

கூடாரத்தில் இப்போது யாரும் சிரிக்கவில்லை.

சாரங்கன் பந்தைத் தன் கால்சட்டையில் தேய்த்துக்கொண்டே நின்றான். தேய்த்தான், தேய்த்தான். முகத்தில் கோபம் அப்படியே இருந்தது. ஒருவழியாகப் பந்தை அவன் பக்கம் எறிந்தான். வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, நடத்துனர் குரலில் கத்தினான்.

“போலாம், ரைட்!”

டவுன் பஸ் கிளம்பியது.